ஒன்பது கொளுத்தினேன், பத்து கேட்டது

விமான நிலைய அவசரக் கட்டுப்பாட்டு அறையில் இப்போது பேசுகிற ஒவ்வொரு சொல்லும் தானாகவே பதிவாகிவிடுகிறதாம். சென்ற மாதம், ஓய்வு பெற்ற எங்களைக் கூப்பிட்டுப் புது அறையைச் சுற்றிக் காட்டினார்கள். சுவர் முழுக்கத் திரைகள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, யார் எப்போது அனுப்பினார்கள், எல்லாம் அதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் காலத்தில் அந்த அறையில் மூன்று கறுப்பு டெலிபோன், ஒரு சிவப்பு டெலிபோன், ஒரு லாக் புத்தகம், மேசையோடு நூலில் கட்டிய ஒரு பேனா. பேனாவைக் கட்டிப்போட்டது திருட்டுக்குப் பயந்து அல்ல. அவசரத்தில் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடிவிடுவோம், அடுத்தவன் எழுத வழியில்லாமல் முழிப்பான்.

இப்போது அங்கே மேற்பார்வையாளராக இருக்கும் பெண் என்னிடம், "பதிவுக் கருவி இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க? தப்பு நடந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். என்னுடைய தப்பு ஒன்றை என் கையாலேயே எழுதி வைத்திருந்த கதையைக் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல மனம் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். சொன்னபடி எழுதுகிறேன்.

நான் செஞ்சிக்காரன். கடைத்தெருவில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, டிரங்குப் பெட்டி செய்யும் தகரக் கடை. காலையிலிருந்து இரவு வரை தகரத்தைத் தட்டும் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, விமான இரைச்சல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பி.யூ.சி. முடித்து, பரீட்சை எழுதி, சென்னையில் விமான நிலைய வேலைக்குப் போனேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடுதளத்தையும் சுற்றுப்புறத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடத்தை மனப்பாடம் செய்தேன். எந்தக் கட்டத்துக்கு எந்தக் கேட் வழியாகத் தீயணைப்பு வண்டி போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு வருடம் திட்டு வாங்கினேன். எண்பதுகளின் நடுவில் உதவி மேற்பார்வையாளர் ஆனேன். தலையில் கொஞ்சம் கொம்பு முளைத்தது.

என் மேற்பார்வையாளர் துரைசாமி சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. டெலிபோன் மணி அடித்தால் எழுந்து நின்றுதான் எடுப்பார், நாங்களும் நிற்க வேண்டும். உட்கார்ந்து பேசுபவனுக்குக் காது பாதிதான் கேட்கும் என்பது அவருடைய கட்சி. எட்டு மணி நேரத்தில் எத்தனை தடவை எழுந்து உட்காருவது? "இது ஆபீசா, தோப்புக்கரணம் போடுற இடமா?" என்று அவர் இல்லாதபோது அலுத்துக்கொள்வோம். தப்பு செய்தவனை அவர் திட்டமாட்டார். கேள்வி கேட்பார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, மெதுவாக. திட்டே தேவலாம் என்று தோன்றும்.

அவர் வைத்த விதி ஒன்று உண்டு. ஒரு விமானம் வரவில்லை, எங்கோ விழுந்திருக்கிறது என்றால் லாக் புத்தகத்தில் பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட வேண்டும். இடது பக்கம் மேலே 'கண்'. வலது பக்கம் மேலே 'காது'. தன் கண்ணால் பார்த்தவர் சொன்னது இடது பக்கம். கேட்டது, கேள்விப்பட்டது எல்லாம் வலது பக்கம். வண்டியைக் 'கண்' பக்கத்தை நம்பித்தான் அனுப்ப வேண்டும். ஒரு முறை வதந்தியை நம்பி எல்லா வண்டிகளையும் ஒரு பக்கம் அனுப்பிவிட்டு மறுபக்கம் ஆளில்லாமல் தவித்த அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த முறை அது. நல்ல முறைதான். இன்றைக்கும் சொல்வேன்.

அந்தப் பதவி கிடைத்த வருடம் என் தங்கையின் நிக்காஹ்வுக்காக லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம், கடைத்தெருவில் பந்தல்காரரோடு வாக்குவாதத்தில் இருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் லைன்மேன் குப்புசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார்.

"காதர் பாய், மெட்ராஸ்லேந்து லைட்னிங் கால். ஏரோப்ளேன் ஆபீசாம். சீக்கிரம் வாங்க, அக்கா லைனப் புடிச்சினு இருக்குது."

லைட்னிங் கால் என்றால் மற்ற எல்லாப் பேச்சையும் வெட்டிவிட்டுக் கொடுக்கும் டிரங்க் கால். ஊரில் வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். அவர் சைக்கிள் கேரியரில் தொற்றிக்கொண்டு போனேன். ஆபரேட்டர் கமலம்மா ரிசீவரை என் கையில் திணித்தார். அந்தப் பக்கம் துரைசாமி சார்.

"காதர், லீவுல இருக்கீங்க, மன்னிக்கணும். திருச்சிக்குப் போன ஒரு பயிற்சி விமானம் வந்து சேரல. தனியா ஓட்டிட்டுப் போன பொண்ணு, பேர் மாலதி, பத்தொன்பது வயசு. மூணே முக்காலுக்கு, இன்ஜின் சரியில்ல, கோட்டை இருக்கிற மலைங்க தெரியுதுன்னு சொல்லியிருக்கு. அதுக்கப்புறம் சத்தம் இல்ல. கோட்டை இருக்கிற மலைன்னா உங்க ஊர்தானே?"

"ஆமா சார்."

"அங்கேயே உட்கார்ந்து நடத்துங்க. அவங்க அப்பா என் பக்கத்துல நிக்கிறார். அதனால பார்த்ததை மட்டும் எனக்குச் சொல்லுங்க."

அப்போது மணி நாலேகால். எதிர்க் கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவரச் செய்தேன். நடுவே கோடு இழுத்தேன். கண், காது. எக்ஸ்சேஞ்சின் ஒரு மூலையில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் மேசையும்தான் என் கட்டுப்பாட்டு அறை. கமலம்மா சுற்றுப்பட்டு ஊர்களில் போன் இருந்த ஒவ்வொரு இடத்துக்கும் பேசி, ஏரோப்ளேன் எதையாவது பார்த்தீர்களா என்று விசாரித்தார். போலீஸ் ஜீப்பும் ஊரிலிருந்த ஒரே தீயணைப்பு வண்டியும் வாசலில் வந்து நின்றன. எஸ்.ஐ. என்னைப் பார்த்து, "எங்க போவணும்னு மட்டும் சொல்லுங்க பாய்" என்றார். என் சொந்த ஊரில், நான் கை காட்டும் திசையில் வண்டிகள் ஓடக் காத்திருந்தன. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் வல்லத்திலிருந்து தலைமையாசிரியர் அருளப்பன் பேசினார். ஏரிக்குள் இறங்கியதாகப் பிள்ளைகள் சொல்கிறார்களாம். நீங்கள் பார்த்தீர்களா என்றேன். இல்லை என்றார். காது. நாலரைக்கு மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து கிராம அதிகாரி தெய்வசிகாமணி பேசினார். "நானே பார்த்தேன் சார். வெள்ளை ஏரோப்ளேன். குகைக்கோயில் பாறைக்கு மேல தாழ்வா போச்சு. இன்ஜின் வுட்டு வுட்டுக் கேட்டுது." கண். பெயர், பதவி, ஊர் எல்லாம் எழுதி, ஜீப்பையும் தீயணைப்பு வண்டியையும் மண்டகப்பட்டுக்கு அனுப்பிவிட்டு, துரைசாமி சாருக்குச் சொன்னேன். எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று மட்டும் கிராம அதிகாரியைக் கேட்கவில்லை.

நாலு நாற்பதுக்கு ஒருவர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். தலை, புருவம், மார்பு எல்லாம் வெள்ளையாகக் கல்தூசி. துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"ஏரோப்ளேன் சாருங்களா? நான் திருவண்ணாமல ரோட்டு குவாரில வெடி வைக்கிறவன் சார். நாலு மணிக்கு ஒம்பது கொளுத்தினேன். பத்து கேட்டுது."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. செஞ்சியில் வளர்ந்தவனுக்கு அது தெரியும். பாறையில் குழி போட்டு, மருந்தைக் கெட்டித்து, திரிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டிக் கொளுத்துவார்கள், ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பதற்காக. விசில் ஊதினால் சுற்றுவட்டாரத்தில் ஆடுமாடு முதற்கொண்டு ஒதுங்கிவிடும். வெடிக்காரர் பாறை மறைவில் உட்கார்ந்து எண்ணி, எல்லாம் முடிந்ததும் மறு விசில் ஊதுவார். ஒன்பது கொளுத்தி எட்டு கேட்டால் ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது, யாரும் கிட்டே போகக்கூடாது. எண்ணிக்கை தப்பினால் யாராவது சாவார்கள். அதனால் அவர்கள் தப்பாக எண்ணுவதில்லை.

ஆனால் நான் கேட்டது ஒரே கேள்வி. "நீ பார்த்தியா?"

மற்றவர்களை எல்லாம் 'நீங்க' என்று பேசிய வாய் இது.

"பாக்கல சார். வெடி வச்சிட்டா மறைவுல குந்திக்கணும். எல்லாருமே குந்தினுதான் இருந்தாங்க."

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி எனக்குத் தெரியாதா சார். இருவது வருசமா எண்றேன். இது மந்தமா, தெற்கால இருந்து கேட்டுது."

"சரி, எழுதிக்கிறேன். நீ போ."

எழுதினேன். வலது பக்கம். வண்டிகள் கிழக்கே போய்விட்டன. இந்த ஆள் சொல்வது ஊருக்கு மேற்கே. கண்ணால் பார்த்த அதிகாரியை விட்டுவிட்டுக் காதால் கேட்ட கல்குவாரி ஆளை நம்புவதா? விதி என் பக்கம் இருந்தது. அடுத்த போனை எடுத்தேன்.

ஐந்தரை மணிக்கு எஸ்.ஐ. ஒரு பஞ்சாயத்து ஆபீசிலிருந்து பேசினார். "இங்க ஒண்ணும் இல்ல பாய். பாத்தவங்க எல்லாரும் செஞ்சி பக்கமா திரும்பிப் போச்சுன்றாங்க. நாலு மணிக்கு முன்னாடியாம்."

நாலு மணிக்கு முன்னாடி. நோட்டைப் பார்த்தேன். கிராம அதிகாரி பார்த்தது நிஜம், ஆனால் அது விமானம் பறந்துகொண்டிருந்தபோது. நாலு மணிக்கு ஒன்பது, பத்து என்று சொன்ன வரிதான் அது விழுந்த நேரத்தைச் சொன்னது. ரிசீவரை வைத்துவிட்டு, அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது என்று வாசலுக்கு ஓடினேன். அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் போகலியா?"

"திருப்பிக் கேப்பீங்கன்னுதான் குந்தினு இருக்கேன் சார்."

ஜீப் இல்லை, தீயணைப்பு வண்டி இல்லை. இரண்டும் திரும்பி வர அரை மணிக்கு மேல் ஆகும், இருட்டிவிடும். பேருந்து நிலையத்துக்கு ஓடினோம். திருவண்ணாமலை பஸ் ஒன்று கிளம்ப நின்றுகொண்டிருந்தது. டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மேல ஆபீசுல கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். "என் பேரச் சொல்லுங்க" என்றேன். என் பெயரைக் கேட்டு யார் பயப்படப்போகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வண்டியை எடுத்துவிட்டார். இறங்க விருப்பமுள்ளவர்கள் இறங்கிக்கொள்ளலாம் என்று கண்டக்டர் சொன்னார். ஒருவரும் இறங்கவில்லை.

வெடிக்காரர் முன்படியில் நின்று வழி சொன்னார். ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் இறங்கி, குவாரியைத் தாண்டி, தெற்கே ஒரு பாறை மேடு. அதற்கு மேல் பஸ் போகாது. எல்லோரும் இறங்கி நடந்தோம். மேட்டின் அந்தப் பக்கம் முள் காட்டில் மூக்கைத் தரையில் குத்தியபடி அந்தச் சின்ன வெள்ளை விமானம் கிடந்தது. தீப்பிடிக்கவில்லை. புகை கிளம்பியிருந்தாலாவது யாராவது பார்த்திருப்பார்கள். குவாரியிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

அந்தப் பெண்ணுக்கு நினைவு இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி மாட்டியிருந்தது. பஸ்ஸில் வந்த நாற்பது பேர், கடலை மூட்டை ஏற்றியிருந்த விவசாயிகள், பூக்கூடை வைத்திருந்த அம்மாக்கள், முள்ளை மிதித்துக்கொண்டு சுற்றி நின்று இறக்கையோடு சேர்த்துத் தூக்கினார்கள். வெடிக்காரர் குவாரிக் கடப்பாரையால் தகரத்தை நெம்பிக் காலை விடுவித்தார். ஒரு அம்மா தன் மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டார். "பொம்பளப் புள்ளையாடி நீ ஓட்டினு வந்த?" என்று அழுதுகொண்டே கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "விசில் கேட்டுது சார். ஆளுங்க பேசிக்கிட்டே வீட்டுக்குப் போறதும் கேட்டுது. கத்தினேன். யாரும் வரல."

பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து கட்டுப்போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தாள். தங்கையின் நிக்காஹ்வில் ஊரே என் கையைப் பிடித்துக் குலுக்கியது. காதர் பாய்தான் கண்டுபிடித்தார் என்று பேச்சு.

வேலைக்குத் திரும்பிய அன்று துரைசாமி சார் அந்த நோட்டைக் கேட்டார். நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். நானும் நின்றேன்.

"காலை எடுத்துட்டாங்க, தெரியுமா?"

"தெரியாது சார்."

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தப் பார்த்திருப்போம்னு டாக்டர் சொன்னார்." ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "நாலு நாற்பதுக்கு இது வந்திருக்கு. அஞ்சரைக்குத்தான் கிளம்பியிருக்கீங்க."

"காது பக்கம் இருந்தது சார். விதிப்படி..."

"என் விதிதான். அதுல ஓட்டை இருக்கு, அதை நான் பார்த்துக்கறேன். நான் கேக்கறது வேற." விரல் அந்த வரியிலேயே இருந்தது. "தலைமையாசிரியர் அருளப்பன். கிராம அதிகாரி தெய்வசிகாமணி. இங்க மட்டும் 'கல்குவாரி ஆள் ஒருவர்'. இவர் பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"இவரோட பஸ்ல போனீங்க இல்லையா?"

"போனேன் சார்."

"காலை விடுவிக்கும்போது பக்கத்துல நின்னீங்க. அப்பவும் கேக்கல."

"கேக்கல சார்."

அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "நாளைக்கு ஊருக்குப் போங்க. பேர் எழுதிட்டு வாங்க. மாலதியோட அப்பாகிட்ட நடந்ததை நான் சொல்லிட்டேன். வெடிக்காரர்கிட்ட நீங்க சொல்லுங்க."

குவாரியில் அவரைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. வெடிக்காரர் என்றதும், ஏழுமலையா என்று கேட்டுக் காட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர். மத்தியானக் கூழைக் குடித்துவிட்டுப் பாறை நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். உட்காருங்கள் என்று சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தப் புள்ள இன்னா பண்ணுது சார்?"

"உயிருக்கு ஒண்ணும் இல்லண்ணே. ஒரு காலை எடுத்துட்டாங்க."

கூழ்ச் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு நோட்டைக் காட்டி, "அன்னைக்கு எழுதினீங்களே, அதுவா? படிங்க, இன்னா எழுதி இருக்குதுன்னு கேப்போம்" என்றார்.

படித்தேன். "நாலு நாற்பது. கல்குவாரி ஆள் ஒருவர். நாலு மணிக்கு ஒன்பது வெடி வைத்ததாகவும் பத்து கேட்டதாகவும் சொல்கிறார். எதிரொலியாக இருக்கலாம்."

"எதிரொலின்னு நான் சொல்லலியே சார்."

"நீங்க சொல்லல. அது நானா எழுதினது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான் சார்," என்றார். "கொறைஞ்சு கேட்டா யாரும் போவக்கூடாது. கூடக் கேட்டா இன்னா பண்றதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. மேடு ஏறிப் பாக்கலாமான்னுதான் நெனச்சேன். ஊர்ல ஏரோப்ளேனத் தேடறாங்க, படிச்ச சாரு ஒருத்தரு குந்தினு இருக்காருன்னு சைக்கிள்ல வந்தவன் சொன்னான். நம்ம போயி இன்னா பண்ணப்போறோம், அவருகிட்ட சொல்லிட்டா ஒடனே ஆள அனுப்பிடுவாருன்னு ஒண்ணர மைலு ஓடியாந்துட்டேன். மேடு ஏறி இருந்தா கால் மணி நேரம் சார். தப்பு பண்ணிட்டேன்."

அந்த ஐம்பது நிமிடமும் அவரைப் படிக்கட்டில் உட்கார வைத்தவன் நான். அவர் தன் தப்பு என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. "தப்பு உங்களுது இல்லண்ணே. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் கேக்கல. அந்தப் பொண்ணோட அப்பாவுக்கும் இது தெரியும்" என்றேன்.

லாக்கில் அடித்து எழுதக்கூடாது என்பதால், பழைய வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுதினேன்: மேற்கண்ட தகவலைச் சொன்னவர் ஏழுமலை, வெடி வைப்பவர், இருபது வருட அனுபவம். எதிரொலி என்று அவர் சொல்லவில்லை.

எழுதி முடித்து நிமிர்ந்தேன். ஏழுமலை இடது கைக் கட்டைவிரலைத் துண்டில் துடைத்து நீட்டிக்கொண்டிருந்தார். பேர் எழுதினால் கைநாட்டும் வைக்க வேண்டும், என்ன வந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணிவிட்டார்.

"உங்க கை வேணாம்ணே," என்று சொல்லி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.